கேம்பர் வேன் ஜன்னல் ஒழுகுகிறதா? சீலன்ட் டியூபைத் திறப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மழை விட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் என் வேனில் தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கும். படுக்கை ஓரத்தில் இருக்கும் நகர்த்தும் கண்ணாடி ஜன்னல், அதன் வலது கீழ் மூலை. மெத்தையின் அந்த ஓரம் எப்போது தொட்டாலும் சில்லென்று இருக்கும். ஒரு டியூப் சிலிகான் (இடைவெளியை அடைக்கும் சீலன்ட்களில் ஒரு வகை) வாங்கி ஜன்னலின் கீழ் விளிம்பு முழுக்க அப்பினேன். அடுத்த மழைக்கு முன்பைவிட அதிகமாக வந்தது. மறுபடி அப்பினேன். இப்படி 3 முறை, 8 மாதம் போனது. கடைசியில் உள்பலகையைக் கழற்றிப் பார்த்தால், பிளைவுட்டின் அடி விளிம்பு ஊறிய அட்டை மாதிரி விரலோடு சேர்ந்து பிய்ந்து வந்தது.

தண்ணீர் நுழைந்த இடம் மேல் விளிம்பு. வேனின் பக்கத் தகட்டில் நீளவாக்கில் ஓடும் ஒரு மடிப்பு ஃபிரேமுக்கு அடியில் வருகிறது. அந்த மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு சீலன்ட் தகட்டைத் தொடவே இல்லை. அதன் வழியாக இறங்கிய நீர் ஃபிரேமுக்குப் பின்னாலேயே ஓடிக் கீழ் மூலையில் தலைகாட்டியிருக்கிறது. நான் கீழே அப்பிய சிலிகானோ, ஜன்னல் தடத்தில் தேங்கும் நீர் வெளியேற வேண்டிய சின்னத் துளைகளை அடைத்துவிட்டது. அதனால்தான் அதிகமாக வந்தது.

நீங்கள் அந்த 8 மாதத்தை இழக்க வேண்டாம். நீர் தெரியும் இடத்தில் கைவைக்காதீர்கள். நுழையும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். வரிசை இதுதான்.

1. முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள்

கருவிப் பெட்டிக்கு முன்னால் ஃபைலைத் திறக்க வேண்டும். கையில் வேண்டியவை: வேனை வாங்கிய ரசீது, ஜன்னல் பொருத்திய பட்டறையின் பில், உத்தரவாதப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம்.

தொழிற்சாலையிலேயே கேம்பராக வந்த வண்டி என்றால், நீர்க்கசிவுக்கு என்று தனி உத்தரவாதம் இருக்கலாம். பல தயாரிப்பாளர்கள் அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஈரச் சோதனை செய்து புத்தகத்தில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். ஒரு வருடம் விட்டிருந்தாலும் மறுக்க வாய்ப்பு உண்டு. நீங்களே ஃபிரேமைக் கழற்றிவிட்டுப் பிறகு கோரினாலும் அதே கதைதான். உத்தரவாதம் நடப்பில் இருந்தால் எதையும் தொடாமல் எழுத்தில் தெரிவியுங்கள். ஃபோனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, கண்ணாடி உடைந்தால் கிடைப்பது வேறு, சீலன்ட் வயதாகி ஒழுகினால் கிடைப்பது வேறு. மெல்ல மெல்ல நேர்ந்த சேதத்தையும் தேய்மானத்தையும் பெரும்பாலான பாலிசிகள் விலக்கியே வைக்கின்றன. பத்திரத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அப்புறம் படங்கள். ஈரக்கறை, பூஞ்சை, ஃபிரேமின் நான்கு மூலைகள் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினால் அடுத்த மழைக்கு அது வளர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

கண்ணாடியையே மாற்ற வேண்டி வந்தால் மூலையில் அச்சிட்ட குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும், அதனோடு 43 என்ற எண்ணும் இருந்தால், வாகனக் கண்ணாடிக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 43-ன்படி அனுமதி பெற்றது என்று பொருள். இந்தக் குறியீடு இல்லாத கண்ணாடியைப் போட்டால் தகுதிச் சோதனையில் சிக்கல் வரக்கூடும்.

2. வெளியிலிருந்து வரும் நீர்தானா என்று உறுதி செய்யுங்கள்

ஜன்னல் ஈரம் எல்லாம் கசிவு அல்ல. இரவு முழுக்க இருவர் மூச்சு விட்டாலே குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்து, வழிந்து ஃபிரேமில் தேங்கும். உள்ளே சமைத்தால் இன்னும் அதிகம். 1 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் நீர் ஆவியாக வெளிவருகிறது. அது எங்காவது போய் ஒட்டத்தானே வேண்டும்!

மழையில்லாத இரவில் தூங்கி எழுந்து பாருங்கள். எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி வியர்த்திருந்தால், காலையில் மட்டும் ஈரம் இருந்தால், அது ஆவிதான். வேனில் யாரும் தூங்காத மழைநாளில் ஒரே இடம் நனைந்தால் கசிவு. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்படியானால் கசிவை முதலில் பாருங்கள்.

இரட்டை அக்ரிலிக் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்) ஜன்னலின் இரு தகடுகளுக்கு நடுவில் மட்டும் பனி படர்ந்திருந்தால் அது வேனுக்குள் கசிவு இல்லை. சில ஜன்னல்களில் மேல் ஓரத்தில் சிறு அடைப்பான்கள் இருக்கும். வெதுவெதுப்பான நாளில் அவற்றைக் கழற்றி வைத்தால் ஆவி போய்விடும்.

3. உங்கள் ஜன்னல் எந்த வகை?

வகை தெரியாமல் பொருள் வாங்காதீர்கள். பொதுவாக நான்கு வகை.

ஒட்டிய கண்ணாடி: பாலியூரித்தேன் பசையால் நேராகத் தகட்டோடு ஒட்டியது. ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். ஸ்க்ரூ எதுவும் இருக்காது.

ரப்பர் பீடிங்கில் உட்காரும் கண்ணாடி: தடித்த ரப்பர் ஒரு பக்கம் கண்ணாடியையும் மறுபக்கம் தகட்டையும் கவ்வும். நடுவில் மெல்லிய பூட்டுப் பட்டை ஓடும். பழைய வேன்களில் அதிகம்.

கிளாம்ப் ஃபிரேம்: வெளி ஃபிரேமும் உள் ஃபிரேமும் சுவரை நடுவில் வைத்து ஸ்க்ரூவால் நெருக்கிப் பிடிக்கும். மேலே கீல் வைத்துத் திறக்கும் அக்ரிலிக் ஜன்னல்கள் பலவும் இப்படித்தான்.

நகர்த்தும் ஜன்னல்: மேலே சொன்ன ஏதாவது ஒரு முறையில் பொருத்தியிருப்பார்கள். ஆனால் கீழ்த் தடத்தில் வடிகால் துளைகள் கட்டாயம் இருக்கும். அந்தத் தடத்தில் நீர் நிற்பது இயல்பு. துளை வழியாக அது வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

4. நாளும் பணமும்

பலரும் ஏமாறும் இடம் இது. ‘ஞாயிற்றுக்கிழமை மதியம் முடித்துவிடலாம்’ என்று தொடங்காதீர்கள். காய வைக்க 2 அல்லது 3 நாள், சோதனைக்கு அரை நாள், கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு நாள், துரு இருந்தால் பிரைமரும் பெயின்ட்டும் காய இன்னும் ஓரிரு நாள், பொருத்த அரை நாள், சீலன்ட் இறுக 1 முதல் 3 நாள். கூரையுள்ள இடம் கிடைத்தால் அங்கே நிறுத்துங்கள். பாதி வேலையில் மழை வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

செலவில் சீலன்ட்தான் மிக மலிவு. புது ரப்பர் பீடிங் அதைவிடப் பல மடங்கு. பட்டறைக்குக் கொடுத்தால் பொருளைவிடக் கூலிதான் பெரிது, அதிலும் கசிவைத் தேடும் நேரத்துக்கே அதிகம் போகும். 5-ஆம் படியை நீங்களே செய்து, ஒழுகும் இடத்தைப் படத்தோடு காட்டினால் பில் கணிசமாகக் குறையும். எல்லாவற்றிலும் பெரிய செலவு தள்ளிப்போடுவதுதான். என் விஷயத்தில் ஜன்னலுக்கு ஆனதைவிட ஊறிப்போன பலகையையும் சுவருக்குள் வெப்பம் தடுக்க வைக்கும் காப்புப் பஞ்சையும் மாற்ற அதிகம் ஆனது.

5. கசிவைத் தேடுங்கள்: இதில் அவசரம் கூடாது

வேண்டியவை: தோட்டத்து ஹோஸ், டார்ச், டிஷ்யூ காகிதம், அகலமான மாஸ்கிங் டேப், சாக்பீஸ் தூள் அல்லது முகத்துக்குப் போடும் பவுடர், உள்ளே உட்கார ஒரு ஆள். தனியாளாகச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் துளியைப் பார்க்க உள்ளே கண் வேண்டும்.

முதலில் ஜன்னலைச் சுற்றியுள்ள உள் அலங்காரப் பட்டை, பலகை, காப்பு எல்லாவற்றையும் கழற்றித் தகடு தெரியும்படி செய்யுங்கள். பலகை இருக்கும்போது சோதித்தால் பலகையின் ஓரத்தில் வரும் நீரைத்தான் பார்ப்பீர்கள். அருகில் மின்கம்பி போனால் வெளிமின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சுற்றின் ஃப்யூஸையும் எடுத்து வையுங்கள். அப்புறம் எல்லாம் உலரட்டும். ஏற்கெனவே ஈரமான இடத்தில் புதுத் துளி தெரியாது.

உலர்ந்ததும், டிஷ்யூவை நீளமாக மடித்து ஃபிரேமின் உள் ஓரம் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். கீழே தகட்டில் பவுடரை மெல்லத் தூவுங்கள். ஒரு துளி ஓடினாலும் பவுடரில் நத்தை போன தடம் மாதிரி கோடு விழும், டிஷ்யூவில் கருமை படரும்.

வேன் எந்தச் சாய்வில் நின்றபோது ஒழுகியதோ அதே சாய்வில் நிறுத்துங்கள். இது முக்கியம். என் வேன் மூக்கு தாழ்ந்து நின்றால் மட்டுமே ஒழுகும். சமதளத்தில் 2 முறை சோதித்து ஒன்றும் கிடைக்காமல் விட்டிருந்தேன்.

இப்போது ஹோஸ். நீரைப் பீய்ச்சாதீர்கள். குழாய் வாயிலிருந்து நீர் வழிந்து இறங்கினால் போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல சீலையும் பிளந்து உள்ளே போகும், இல்லாத கசிவைக் காட்டும்.

எப்போதும் கீழிருந்து மேலே. மேலே தொடங்கினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இடத்திலும் 10 நிமிடம் நிற்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்து:

முதலில் கீழ் விளிம்பு. அடுத்து ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், பிறகு மேல் விளிம்பு. இதுவரை உள்ளே எதுவும் வரவில்லை என்றால் ஜன்னலுக்கு மேலே போங்கள். நீர்த்தாரைப் பள்ளம், கூரையின் இணைப்புக் கோடு, கூரை ரேக்கின் போல்ட், வெளித்திரை மாட்டும் தாங்கி, கூரை ஜன்னல், சோலார் கம்பி நுழையும் இடம். ஜன்னல் குற்றமற்றதாக இருந்து, கூரையில் நுழைந்த நீர் எலும்புச் சட்டத்தின் மேல் ஓடி ஜன்னல் ஓரத்தில் சொட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

முதல் துளி தெரிந்ததும் உள்ளே இருப்பவர் குரல் கொடுக்கட்டும். உடனே நீரை நிறுத்தி அந்த இடத்தில் டேப்பில் அம்புக்குறி போட்டுப் படம் எடுங்கள். பிறகு எல்லாவற்றையும் உலர்த்தி, சந்தேகப்பட்ட பகுதியை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மூடி, அதே இடத்தில் அதே 10 நிமிடம் நீர் விடுங்கள். இப்போது நின்றுவிட்டால் இடம் உறுதி. இந்த இரண்டாவது சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒரு கசிவுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பது இதில்தான் தெரியும்.

நீரில் பிடிபடாத மெல்லிய கசிவுக்குக் காற்றுச் சோதனை உண்டு. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, முன் பகுதியின் காற்றாடியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் முழு வேகத்தில் ஓட விடுங்கள். வெளியே ஜன்னல் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். ஓட்டை இருந்தால் குமிழி விடும். கூரை, தரைக் காற்றுத் துவாரங்களைத் தற்காலிகமாக டேப்பால் மூட வேண்டியிருக்கும். முடிந்த கையோடு அத்தனை டேப்பையும் எடுத்துவிடுங்கள். தரையில் உள்ள துவாரம் எரிவாயு கசிந்தால் வெளியேறும் வழி. அது மூடியிருக்கும்போது அடுப்பையோ ஹீட்டரையோ தொடக் கூடாது.

6. கிடைத்ததை வைத்து முடிவெடுங்கள்

தடத்தில் நீர் தேங்கி உள்பக்கம் வழிந்தால் வடிகால் துளை அடைப்பு. மண், பாசி, பழைய சீலன்ட் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை விட்டுத் தள்ளி, ஒரு கோப்பை நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை இது. பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிட்டால் நான் மகிழ்வேன்.

கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வந்தால்: ரப்பர் இன்னும் மென்மையாக இருக்கிறதா என்று நகத்தால் அழுத்துங்கள். திரும்ப எழுந்தால், பிளாஸ்டிக் குச்சியால் ரப்பரின் விளிம்பைத் தூக்கி, இறுகாத வகை சீலன்ட்டை உள்ளே செலுத்திவிடலாம். வெடித்தும் கல் மாதிரியும் இருந்தால், மூலையில் சுருங்கி இடைவெளி விட்டிருந்தால், புது பீடிங்தான்.

ஃபிரேமுக்கும் தகட்டுக்கும் நடுவில் வந்தால் ஃபிரேமைக் கழற்றி மறுபடி உட்கார வைக்க வேண்டும். மேலே பூசி மறைப்பது சில மாதம் தாங்கும், பிறகு அதே இடம். ஒட்டிய கண்ணாடியின் பசை விட்டிருந்தால் கண்ணாடிப் பட்டறைக்குப் போங்கள். கண்ணாடியை உடையாமல் அறுத்தெடுக்கக் கம்பியும் கைப்பழக்கமும் வேண்டும், பிரைமர் போடும் நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பசை, எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம், வேலைக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்பதை பில்லிலேயே எழுதித் தர வேண்டும். எனக்கு ஜன்னல் பொருத்திய பட்டறையின் பில்லில் ‘ஜன்னல் 2’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. அதை வைத்து எதையும் கேட்க முடியவில்லை.

7. சரியான சீலன்ட்

கிளாம்ப் ஃபிரேமுக்குப் பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர் வகை) டேப் அல்லது பியூட்டைல் சீலன்ட். அது இறுகாது, வேனோடு சேர்ந்து அசையும், பின்னால் கழற்றவும் முடியும். உலோகத்தோடு கண்ணாடியை ஒட்டப் பாலியூரித்தேன். வெயிலில் அது சிதையும், அதனால்தான் கண்ணாடி ஓரத்தில் அந்தக் கறுப்புப் பட்டை.

அக்ரிலிக் ஜன்னல் என்றால் கூடுதல் எச்சரிக்கை. எல்லாப் பசையும் அதற்கு ஆகாது. அக்ரிலிக்குக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். ஆல்கஹால், பெட்ரோல், தின்னர் பட்டால் அது சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விடும். மென்மையான சோப்பும் நீரும் போதும்.

காடி (வினிகர்) வாசனை அடிக்கும் சிலிகானை வேனுக்குள் கொண்டுவராதீர்கள். இறுகும்போது அது விடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். தடவிய இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. என் 3 சுற்று சிலிகானைச் சுரண்டி எடுக்க முழுதாக 2 நாள் ஆனது.

டியூபின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

8. கழற்றிச் சுத்தம் செய்து பொருத்துங்கள்

கிளாம்ப் ஃபிரேமைச் சொல்கிறேன், புதியவர்கள் அதிகம் செய்வது அதைத்தான். உள் ஸ்க்ரூக்களைக் கழற்றி, வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள, பிளாஸ்டிக் நெம்பியால் ஓரம் ஓரமாகத் தூக்குங்கள். கையுறை கட்டாயம். வெட்டிய தகட்டின் விளிம்பு பிளேடு.

பழைய பியூட்டைலைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். மிச்சம் ஒட்டியிருப்பதைத் துணியால் தேய்த்தால் பரவும். எடுத்த பியூட்டைலையே உருண்டையாக்கி ஒற்றி ஒற்றி எடுத்துப் பாருங்கள், அத்தனையும் அதோடு வந்துவிடும். கடைசியில் பெயின்ட் உள்ள தகட்டை மட்டும் ஆல்கஹால் துணியால் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள்.

தகட்டின் விளிம்பில் துரு இருந்தால் நிறுத்துங்கள். உலோகம் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, பிரைமர், அதன் மேல் பெயின்ட். டின்னில் எழுதிய நேரம் காய வேண்டும். தேய்க்கும்போது கீழே துணி விரித்து இரும்புத் தூளைப் பிடித்துவிடுங்கள். சுவருக்குள் விழுந்த தூள் அங்கே துருப்பிடிக்கும்.

இப்போது பியூட்டைல் டேப்பை வெளி ஃபிரேமின் விளிம்பில் ஒட்டுங்கள். மூலையில் இழுத்து வளைக்காதீர்கள், இழுத்தால் மெலியும். டேப்பின் இரு முனையும் சேரும் இடம் கீழ்ப்பக்கம் வரட்டும், ஒரு முனை மற்றதன் மேல் சற்று ஏறி இருக்கட்டும். தகட்டில் மடிப்போ பள்ளமோ வரும் இடத்தில் இன்னொரு துண்டு வைத்துத் தடிப்பாக்குங்கள். எனக்கு விட்டுப்போனது இந்தத் துண்டுதான்.

ஃபிரேமை வைத்து ஸ்க்ரூக்களைக் கை ஸ்க்ரூடிரைவரால், எதிரெதிர் மூலையாக, ஒவ்வொரு சுற்றாக முறுக்குங்கள். ட்ரில் வைத்து ஒரே மூச்சில் முறுக்கினால் ஒரு பக்கம் பிதுங்கி மறுபக்கம் காலியாக நிற்கும், பிளாஸ்டிக் ஃபிரேமும் கீறும். வெளியே சுற்றிலும் ஒரே அளவாகப் பியூட்டைல் பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. பிதுங்காத இடம் எங்காவது தெரிந்தால் அதைச் சமாளிக்கப் பார்க்காமல் கழற்றி மறுபடி வையுங்கள்.

வெளியே கூடுதலாகச் சீலன்ட் கோடு போட விரும்பினால் மேலேயும் பக்கங்களிலும் போதும். கீழே திறந்தே இருக்கட்டும், தப்பி வந்த நீர் அதன் வழியே வெளியேறும். வடிகால் துளை பக்கம் கையே போகக் கூடாது.

9. இறுக விட்டு மறுபடி சோதியுங்கள்

பியூட்டைல் இறுகும் பொருள் இல்லை, ஆனால் அமுங்கும். ஒரு நாள் கழித்து ஸ்க்ரூக்களை மீண்டும் கால் சுற்று பாருங்கள், தளர்ந்தவை இருக்கும். பிதுங்கியதை அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுங்கள். பாலியூரித்தேன் போன்றவை காற்றின் ஈரத்தால் இறுகுபவை, பொதுவாக நாளுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். குளிரில், வறண்ட காற்றில் இன்னும் மெதுவாக. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதை நம்பாதீர்கள்.

பிறகு 5-ஆம் படியின் அதே சோதனை, அதே சாய்வு, அதே 10 நிமிடங்கள். உலர்ந்த டிஷ்யூவோடு. ஒரு நாள் கரடுமுரடான சாலையில் ஓட்டிவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். ஓடும்போது வேனின் உடல் முறுக்கும், நின்ற வண்டியில் தெரியாத இடைவெளி அப்போது வாய் திறக்கும்.

வேலை முடியும்வரை மழைக்குத் தற்காலிகத் தடுப்பு வேண்டுமானால், நீர்புகா டேப்பை மேல் விளிம்பிலும் இரு பக்கமும் ஒட்டுங்கள், கீழே வேண்டாம். வாரக்கணக்கில் விட்டால் பெயின்ட்டோடு உரிந்து வரும்.

10. சுவரை மூடுவதற்கு முன்

கசிவு நின்ற மறுநாளே பலகையைப் பூட்ட வேண்டும் என்று கை துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஊறிய கனிமப் பஞ்சு வேனுக்குள் உலராது, எடுத்துவிடுங்கள். பிளைவுட்டில் ஊசி வகை ஈரமானி வைத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அழுகல் பூஞ்சைக்கு வசதி. ஒரு காய்ந்த மூலையிலும் அளந்து ஒப்பிடுங்கள், பின்னால் உலோகம் இருந்தால் அளவு தவறாகக் காட்டும்.

உலர்த்த, இரு பக்கக் கதவும் திறந்து காற்றோட்டம், அல்லது ஈரம் உறிஞ்சும் கருவி. புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை வைத்து உலர்த்தாதீர்கள். எரியும் ஒவ்வொரு கிலோ எரிவாயுவும் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீரைத் திரும்பச் சுவருக்கே கொடுக்கும், மூடிய வேனில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

எனக்கு உலர 3 வாரம் ஆனது. அதற்குள் 2 பெருமழை வந்தது நல்லதாகப் போயிற்று. திறந்த தகட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன், பவுடர் தூவியபடியே இருந்தது, ஒரு கோடு விழவில்லை. அதன் பிறகுதான் பலகையை மாட்டினேன். கீழ் மூலையில் மட்டும் 4 ஸ்க்ரூவில் கழன்று வரும் சிறு கதவு மாதிரி வெட்டி வைத்திருக்கிறேன். மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அதைத் திறந்து விரல் விட்டுப் பார்த்து, ஃபைலில் தேதியோடு ஒரு வரி எழுதி வைக்கிறேன். நீங்களும் பலகை மாட்டும்போதே அப்படி ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.